மெதுவார் ஊருக்குப் போன பல் டாக்டர்

பிரான்ஸுக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அங்குள்ள இரும்புக் கோபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. மகள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் என்றார்கள். எட்டி எட்டிப் பார்த்ததில் எதிர்வீட்டு அம்மாள் கோபித்துக்கொண்டு திரையை இழுத்துவிட்டதுதான் மிச்சம். ஆகவே கோபுரம் வேண்டுபவர்கள் வேறு யாருடைய கட்டுரையையாவது படிக்கலாம். இது ஒரு ஆயரைப் பற்றியது. செத்து ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகிற, ஆனாலும் என் பிழைப்பில் இன்றுவரை கை வைக்கிற ஒரு ஆயர்.

நான் நெல்லை தச்சநல்லூரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். எனக்குத் தொழில் போட்டி இரண்டு பேர். ஒருவர் ஜங்ஷன் பக்கம் புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர். வாசலில் பல் வடிவத்தில் ஒரு பெரிய பலூனைக் கட்டி ஆடவிட்டிருக்கிறார். அவரைச் சமாளித்துவிடலாம், காற்று இறங்கினால் பலூன் தானாகத் தொங்கிவிடும். இன்னொருவர்தான் மெதுவார் சாமியார். அவருக்கு வாடகை கிடையாது, கரண்டு பில் கிடையாது, ஊசி கிடையாது.

ராதாபுரத்துக்குத் தெற்கே, பனையும் உடைமரமும் மட்டும் சலிக்காமல் நிற்கிற செம்மண் காட்டில் ஒரு ஊர். உடைவிளை என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு சின்ன வேதக் கோயில். எந்தக் காலத்திலோ வந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தன் ஊர்ப் புனிதரின் சிலையைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிராங்குகள் என்கிற முரட்டு இனத்து ராஜாக்கள் அந்த நாட்டை ஆண்டபோது ஆயராக இருந்தவர். பெயர் மெதார். பாதிரியார் ‘மெதார், மெதார்’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார். நம் ஜனங்கள் காதில் அது ‘மெதுவார்’ என்று விழுந்துவிட்டது.

விழுந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெயரிலிருந்து ஒரு மதமே முளைத்துவிட்டது. மெதுவார் எதையும் மெதுவாகத்தான் செய்வார். பல் வலித்தால் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, கருப்பட்டி படைத்து, நேர்ச்சை என்கிற வேண்டுதலையும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடையில் டாக்டரிடம் ஓடினால் சாமியாரை அவமதித்த மாதிரி. “பைய இருலே, அவரு பாத்துக்கிடுவாரு” என்று கன்னம் வீங்கிய ஆளுக்கு வீட்டார் தைரியம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். வீக்கம் கழுத்துக்கு இறங்கிய பிறகு அதே வீட்டார் என் வாசலில் வந்து “சீக்கிரம் பாருங்க டாக்டரே” என்று குதிப்பார்கள். பல்வலிச் சாமிக்குக் கருப்பட்டி படைக்கலாம் என்று முதலில் யோசித்தவர் யாரோ, அவர் எங்கள் பல் மருத்துவர் சங்கத்துக்குச் சந்தா கட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

சாமியார் வாயைத் திறந்து சிரிக்கிற கோலத்தில் இருக்கிறார். அதனால்தான் அவர் பல்லுக்குப் பாதுகாவலர். திருவிழாவுக்கு முன்னால் வருஷா வருஷம் பெயிண்டர் வந்து பல்லுக்கு வெள்ளை அடிப்பார். அடிக்க அடிக்கப் பல் பெருகிக்கொண்டே போகிறது. ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். மேல்வரிசையில் மட்டும் இருபத்திரண்டு. மனிதனுக்குப் பதினாறு. தலைக்கு மேல் சிறகு விரித்திருப்பது கழுகு. சின்ன வயதில் மழையில் மாட்டிக்கொண்டபோது ஒரு கழுகு வந்து அவருக்குக் குடை பிடித்ததாம். பெயிண்டர் அதற்குச் சிவப்புக் கொண்டை வைத்துச் சேவலாக்கிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, சூசை அண்ணாச்சி வாயைத் திறக்கிற வரைக்கும். அவர் உடைவிளைக்காரர், திசையன்விளையில் முருங்கைக்காய் மண்டி வைத்திருக்கிறார். வெற்றிலையும் புகையிலையுமாக ஒரு பக்கக் கன்னம் எப்போதும் புடைத்தே இருக்கும். சித்திரை மாதம் பல் கூசுகிறது என்று வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்லில் ஒன்றும் இல்லை. இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு, நடுவில் ஆறாத புண். என் கை அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, ஒளிக்காமச் சொல்லுதேன். இது கான்சரா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு சின்னத் துண்டு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். இந்த வாரமே.”

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நேர்ச்சை போட்டிருக்கேன் டாக்டரே. அவசரப்பட்டா மெதுவாருக்கு ஆகாது.”

“மெதுவாரு பைய வரட்டும். நாம முன்னால போயி நிப்போம்.”

“அது எப்படி? அவர நம்பலங்கற மாதிரில்லா ஆயிரும்.”

அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை. நான் பேத்தியைப் பார்க்கப் பிரான்ஸ் போகிறேன் என்ற சேதி எப்படியோ திசையன்விளைக்கு எட்டியதும் மனைவி மரியபுஷ்பத்தோடு தானாகவே வந்து நின்றார்.

“நீங்க போற நாட்டுலதான அவரு பொறந்த ஊரு? அங்கன இருந்து ஒரு பிடி மண்ணு கொண்டாங்க. கையில வாங்குன அன்னைக்கே டெஸ்டுக்கு வாரேன். கோயில் கொடிமரத்து மேல சத்தியம்.”

பேத்தியைக் கொஞ்சப் போகிற மனுஷன் காட்டில் அலைந்து மண் அள்ளிக்கொண்டா வரப்போகிறான் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் கேட்டார். எனக்கும் அது தெரிந்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டால் என்னாலேயே என்னைப் பிடிக்க முடியாது. “சரிவே, கொண்டாரேன்” என்றேன். சூசையின் முகம் சுருங்கிப்போனது. மரியபுஷ்பம் மட்டும் மறுநாளே ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொடுத்தனுப்பி, போனில் பேசினாள். “சாமியாருக்குன்னு வச்சிருங்க டாக்டரண்ணாச்சி. அவரு நம்ம ஊரு கருப்பட்டி தின்னு பழகுனவரு.”

பாரீஸில் முதல் இரண்டு நாளும் பேத்தியைக் கொஞ்சியதிலும் ரொட்டியோடு மல்லுக்கட்டியதிலும் போயிற்று. அவர்கள் ரொட்டி முழங்கை நீளம், மேல்தோல் ஓடு மாதிரி. ஒரு கடிக்கு ஈறு கிழிந்துவிட்டது. இதைத் தினமும் தின்கிற ஜனத்துக்குப் பல் எப்படித் தங்குகிறது என்று மருமகனிடம் விசாரித்தேன். பாதிப் பேர் காப்பியில் முக்கித் தின்கிறார்கள் என்றான். நாம் வருக்கியை முக்கினால் நாகரிகம் தெரியாதவர்கள். அவர்கள் முக்கினால் அது பண்பாடு.

மூன்றாம் நாள் மருமகன் சரவணனைக் கிளப்பினேன். சென்னையில் வளர்ந்த பிள்ளை, பிரெஞ்சு நன்றாகப் பேசுவான்.

“மாமா, ஒரு பிடி மண்ணுக்கு நான் லீவ் போடணுமா? கீழ பார்க்ல எடுத்துக்கலாமே. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே மாப்ள.”

பாதி வழியில் ரயில் கோதுமை வயலுக்கு நடுவே நின்றுவிட்டது. காட்டுப்பன்றி குறுக்கே வந்துவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எதிரே இருந்த பெரியவர் பெருமூச்சு விட்டு ஏதோ முனகினார். “பன்றியாவது கிளம்பிவிட்டது” என்று முனகியதாகச் சரவணன் சொன்னான். எனக்குப் பசித்தது. நம் திருச்செந்தூர் பாசஞ்சர் நடுக்காட்டில் நின்றால் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, ஆனால் எங்கிருந்தோ ஒருவர் அவித்த கடலையோடு ஏறிவிடுவார். மன்னிப்பா கடலையா என்று கேட்டால் நான் கடலை பக்கம்.

மெதார் ஆயராக இருந்த ஊர் நுவாயோன். பெரிய தேவாலயம், உள்ளே நாங்களும் இரண்டு புறாக்களும். ஊருக்கு வெளியே ஒரு ஆறு, கரை முட்டத் தண்ணீர். ஒரு படித்துறை கிடையாது, ஒருத்தர் குளிக்கவில்லை, ஒரு வேட்டி காயவில்லை. அவ்வளவு தண்ணீரை அப்படி அநாதையாக நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் குறுக்குத்துறைப் படித்துறையில் முழங்கால் தண்ணீருக்கே சோப்பு டப்பாவோடு இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. மத்தியானம் ஒரு ஓட்டலில் நான் சைவம் என்பதைச் சரவணன் மூன்று விதமாக விளக்கிச் சொன்னான். பரிமாறிய பெண் நன்றாகத் தலையாட்டிவிட்டுக் காய்கறி சூப் கொண்டுவந்தாள். அதில் மிதப்பது என்ன என்று கேட்டோம். “இறைச்சி இல்லை ஐயா, மணத்துக்குக் கொஞ்சம் பன்றிதான்” என்றாள். காலையில் ரயிலை மறித்த ஆளாக இருக்கும்.

மெதார் பிறந்த கிராமத்துக்குப் பஸ் பள்ளிக்கூட நாளில்தான் ஓடுமாம், அன்று ஏதோ விடுமுறை. நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. கழுகு ஒன்றும் வரவில்லை. தொப்பலாக நனைந்துபோய்ச் சேர்ந்தால் கோயில் பூட்டிக் கிடந்தது. சாவி எதிர்வீட்டு அம்மாளிடம், பெயர் ழானின். எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

“எங்கிருந்து வருகிறீர்கள்?”

“இந்தியா.”

“இவருக்காகவா?” அவர் எங்களைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். “எங்களுக்கே இவர் ஜூன் எட்டாம் தேதிதான் ஞாபகம் வருவார். அதுவும் திட்டுவதற்கு.”

விஷயம் இதுதான். ஜூன் எட்டு அவருடைய திருநாள். அன்று மழை பெய்தால் தொடர்ந்து நாற்பது நாள் விடாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. வைக்கோல் நனையும், கல்யாணப் பந்தல் நனையும், துணி காயாது. ஆகவே அவர் தயவுசெய்து சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே அவருக்குச் செய்கிற ஒரே ஜெபம். பல்லைப் பற்றிக் கேட்டேன். “பாட்டி காலத்தில் அப்படியும் சொல்வார்களாம். இப்போது யார் நினைக்கிறார்கள்?” என்றார். சிலையைப் பார்த்தேன். சிரிக்கத்தான் சிரித்தார், ஆனால் முன்பல் இரண்டும் உதிர்ந்திருந்தன. உடைவிளையில் ஆறு பல் உபரி. இங்கே இரண்டு பற்றாக்குறை.

கருப்பட்டியைச் சிலைக்கு முன்னால் வைத்தேன். அது என்ன என்று ழானின் அம்மாள் கேட்டார். பனை மரத்திலிருந்து எடுக்கிற இனிப்பு என்று சரவணன் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். கோயிலே அதிர்கிற மாதிரி ஒரு அலறல். வேறு வழியில்லாமல் அவரைப் பீடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் போன் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தேன். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் பம்பரம் விடலாம் போல ஒரு குழி. டாக்டரிடம் போகவில்லையா என்றேன்.

“நேரம் கேட்டிருக்கிறேன். செப்டம்பரில் கொடுத்திருக்கிறார்கள்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை தூரம் வந்து பார்த்தால் இவர்களும் மெதுவார் பக்தர்கள்தான். உடைவிளையில் நோயாளி காத்திருக்கச் சொல்கிறான், இங்கே டாக்டர் காத்திருக்கச் சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கிராம்பை நசுக்கிக் குழியில் வைக்கச் சொன்னேன். அவர் சமையலறையிலேயே கிராம்பு இருந்தது. வலி மட்டுப்பட்டதும் எங்களுக்குச் சூடாகக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, பீஸ் மாதிரி ஒரு கதை சொன்னார்.

அப்போது நாட்டை ஆண்டது குளோத்தார் என்ற ராஜா. அவன் பட்டத்தரசி ராதகுண்டு. ராஜா அவளுடைய தம்பியையே கொன்றுவிட்டான். இனி இவனோடு வாழமாட்டேன் என்று அவள் நேராக மெதாரிடம் வந்து, என்னைக் கன்னியாஸ்திரீ ஆக்குங்கள் என்று கேட்டாள். ராஜாவின் ஆட்கள் கோயிலுக்குள்ளேயே புகுந்து ஆயரைப் பிடித்து இழுத்து, அரசியைத் தொட்டால் பார் என்று மிரட்டினார்கள். ஆயர் தயங்கினார். யோசிக்க வேண்டும், சட்டம் பார்க்க வேண்டும் என்று இழுத்தார். அரசி உள்ளறைக்குப் போனாள். தானே கன்னியாஸ்திரீ உடையை மாட்டிக்கொண்டு வந்து பீடத்துக்கு முன்னால் நின்றாள். கடவுளைவிட மனுஷனுக்கா பயப்படுகிறீர் என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஆயர் கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.

“புனிதர் பயந்தாரா?” என்று கேட்டேன்.

“ஏன், பயப்படக் கூடாதா?” என்றார் ழானின் அம்மாள். “வாளோடு நிற்கிறார்கள் இல்லையா?”

மண் அள்ளக் குனிந்தபோது சரவணன் தடுத்தான். வெளிநாட்டு மண்ணைக் கொண்டுபோக விடமாட்டார்கள், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்றான். சேறாக வேறு இருந்தது. கோயில் மதிலிலிருந்து விழுந்து கிடந்த ஒரு கல்லை ழானின் அம்மாளே எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். எலுமிச்சை அளவு வெள்ளைக் கல். தொட்டால் விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. சூசை ஊரிலிருந்து மண் என்றார், கல்லும் ஊரிலிருந்துதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நெல்லைச் சீமையின் தர்க்க ஞானத்தை நான் அந்த நேரத்தில் மறந்துபோனேன்.

திரும்பி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் அதிகாரி கல்லை உருட்டிப் பார்த்தார். “பிரான்ஸ் போனவங்க சென்ட் கொண்டாருவாங்க. நீங்க என்ன சார், கல்லு?” என்றார். பல் டாக்டர் என்றேன். ஏனோ அது போதுமான விளக்கமாக இருந்தது.

திருவிழாவன்றே உடைவிளைக்குக் கிளம்பினேன். இங்கே ஆற்றுப் பக்கம் சாரல் காற்றும் கார் நெல் நடவுப் பேச்சுமாக இருந்தது. ராதாபுரம் தாண்டியதும் வேறு நாடு. காற்றாலைகள் வெறி பிடித்த மாதிரி சுழல, செம்மண் புழுதி ஆளை அடித்தது. ஊர் எல்லையில் கார் மணலில் புதைந்துவிட்டது. இறங்கி உதவி கேட்பதற்குள் நாலு பேர் வந்துவிட்டார்கள். “இந்த வண்டிய இங்கன கொண்டாரச் சொன்னது யாருவே?” என்று திட்டிக்கொண்டே தள்ளினார்கள். பிரான்ஸில் மன்னிப்பு மட்டும் கிடைத்தது. இங்கே திட்டும் கிடைத்தது, வண்டியும் நகர்ந்தது.

கோயில் முற்றத்தில் கூட்டம். ஒரு பக்கம் அசனத்துக்கு, அதாவது ஊர்ச் சாப்பாட்டுக்கு, அண்டா அண்டாவாகச் சோறு வெந்துகொண்டிருந்தது. சப்பரத்தில் மெதுவார் புதுப் பெயிண்டில் பளபளத்தார். மேல்வரிசையில் பல் இன்னும் இரண்டு கூடியிருந்தது. சூசை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தார். அதற்குள் விழாக் கமிட்டித் தலைவர் என்னைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டார். “நம்ம சாமியார் பொறந்த ஊர நேர்ல பாத்துட்டு வந்திருக்காக. ரெண்டு வார்த்த பேசுவாக.”

பேசினேன். அவர் பெயர் மெதார், மெதுவார் இல்லை என்றேன். அந்தப் பெயருக்கும் மெதுவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவர் ஊரில் அவர் மழைக்காரர், பல்லைப் பற்றி அங்கே யாரும் அவரிடம் கேட்பதுகூட இல்லை என்றேன்.

“அப்ப மழையாவது கொண்டாந்தீகளா டாக்டரே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அவுக மறந்துட்டா நாமளும் மறக்கணுமாவே?” என்றார் தலைவர்.

விடக் கூடாது என்று அரசியின் கதையைச் சொன்னேன். ஆயர் தயங்கியதையும், அவள் தானே உடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. “சாமியாரு பயந்தாருன்னா சொல்லுதீக?” என்று தலைவர் முறைத்தார். ஆமாம், பயந்தார், பயந்துகொண்டே செய்தார் என்றேன். மைக்செட்காரர் சட்டென்று ஒரு மாதா பாட்டைப் போட்டுவிட்டார். என் சொற்பொழிவு அதோடு முடிந்தது. பெண்கள் பக்கத்தில் மரியபுஷ்பம் மட்டும் அகப்பையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சூசையைத் தேடிப் பிடித்துக் கல்லைக் கையில் வைத்தேன். “இந்தாரும் அண்ணாச்சி. வாக்குக் குடுத்திருக்கீரு.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு தெளிச்சி வந்தது. “டாக்டரே, நான் மண்ணுன்னுல்லா சொன்னேன். இது கல்லு.”

அவ்வளவுதான். நாலு பேர் கூடிவிட்டார்கள். கல் மண்ணாகுமா என்று வழக்கு ஆரம்பித்தது. மண் இறுகினால் கல்தானே என்றார் ஒருவர். அப்ப செங்கல்லைக் கரைச்சுப் பயிர் வையும்வே என்றார் இன்னொருவர். நேர்ச்சை என்றால் சொன்ன சொல் மாறக் கூடாது என்று தலைவர் தீர்ப்பு சொன்னார். “அடுத்த வருசம் போகும்போது பைய மண்ணாக் கொண்டாங்க டாக்டரே” என்று என் தோளைத் தட்டினார். சூசை அண்ணாச்சி தலையைப் பலமாக ஆட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கல்லைப் பிடுங்கி யார் தலையிலாவது போட்டிருப்பேன். அடுத்த வருஷம்! அந்தப் புண்ணுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தால்தானே?

என் கைக்குக் குறுக்கே ஒரு கை வந்தது. மரியபுஷ்பம். புருஷன் கையிலிருந்த கல்லை எடுத்துக்கொண்டு அசன அடுப்புப் பக்கம் நடந்தாள். அங்கே மசாலா அரைக்கிற அம்மி கிடந்தது. கல்லை அதில் வைத்துக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி ஓங்கி ஒரு போடு போட்டாள். சுண்ணாம்புக் கல், பொலபொலவென்று உடைந்தது. மறுபடி போட்டாள். பிறகு உட்கார்ந்து, மல்லி அரைக்கிற மாதிரி நிதானமாக அரைத்தாள். ஆண்கள் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வழித்து எடுத்து, மிளகாய் மஞ்சள் கறையோடு இருந்த அந்தப் பொடியைக் கொண்டுவந்து சூசையின் உள்ளங்கையில் கொட்டினாள்.

“இந்தாங்க, மண்ணு. இனி என்ன சொல்லப்போறீக?”

தலைவர் சப்பரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சப்பரம் தூக்கணும்லா புஷ்பம்…” என்று சூசை இழுத்தார்.

“தூக்க ஊர்ல ஆளு இருக்கு. வண்டியில ஏறுங்க.”

ஏறினார். அவள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ராதாபுரம் நோக்கி வண்டியை விட்டேன். சூசை அந்தப் பொடியைக் கை மூடி அப்படியே பிடித்திருந்தார். ஜன்னல் வழியே காற்று அடித்ததால் இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

“டாக்டரே, மைக்ல சொன்னது உள்ளதுதானா? ஆயரு பயந்தாரா?”

“உள்ளதுதான் அண்ணாச்சி.”

அவர் காற்றாலைகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “என் தம்பிக்கும் இதே எடத்துலதான் வந்துது. கன்னத்த எடுத்தாக. தண்ணி குடிச்சா வெளிய வந்துரும். பேசுதது யாருக்கும் புரியாது. புரியலன்னு சொன்னா அழுவான். அப்படியே போய்ச் சேந்துட்டான். நீங்க டார்ச் அடிச்ச அன்னைக்கு உங்க கை நின்னுதுல்லா? எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா வே நேர்ச்சை நேர்ச்சைன்னு அலைஞ்சீரு?”

“வேற என்ன சொல்லச் சொல்லுதீக? பயமா இருக்குன்னு சொன்னா ஊரு சிரிக்கும். நேர்ச்சைன்னு சொன்னா ஊரே கும்பிடும்.”

பின்சீட்டில் மரியபுஷ்பம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. மெதுவாரை அடிக்க நான் கண்டம் விட்டுக் கண்டம் போய் ஆயுதம் தேடியிருக்கிறேன். இந்த மனிதரோ சாமியாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று சாயங்காலமே என் நாற்காலியில் உட்காரவைத்துச் சதை எடுத்தேன். மூடிய கையை அவர் அப்போதும் திறக்கவில்லை.

கான்சர்தான். ஆனால் ஆரம்பம். பாளையங்கோட்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தம்பிக்கு எடுத்த அளவு இவருக்கு எடுக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது மண்டிக்குப் போகிறார். பேச்சு கொஞ்சம் குழறுகிறது, முருங்கைக்காய் விலை பேசும்போது மட்டும் குழறுவதில்லை. வெற்றிலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், நான் நம்பவில்லை. எல்லாம் மெதுவார் செயல் என்று உடைவிளையில் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் அந்த ஊரிலிருந்து ஒருவர் தாடை வீங்கி வந்தார். “சாமியார் ஊரு கல்லுப்பொடி இருக்கா டாக்டரே?” என்று கேட்டார். நான் பல்லைப் பிடுங்கி அனுப்பினேன்.

அறுவைச் சிகிச்சையன்று நடந்தது ஒன்றுதான் ஊருக்குத் தெரியாது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது சூசை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “நீங்களும் வந்து பக்கத்துல நிப்பீகளா?” என்றார். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் கெஞ்சி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போய் நின்றேன். மயக்க மருந்துக்காரர் ஊசியை எடுத்தபோது சூசை கண்ணால் என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன்.

“சிரிக்காதீக டாக்டரே. ரொம்பப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான் அண்ணாச்சி” என்றேன். அது பொய் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மருந்து ஏறுகிற வரை அவர் விடவில்லை. ஏறிய பிறகு நான் விடவில்லை.